வேடனா, வேலையாளா?

வீடியோ விளையாட்டு என்றாலே அடிதடி, நேர விரயம், படிப்புக்குக் கேடு என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், விளையாடுபவனை உலகைக் காக்கும் வீரனாக்கி மகிழ்விப்பதே இவ்விளையாட்டுகளின் வேலை என்று அவர்களும் நம்புகிறார்கள். இரவு முழுவதும் விளையாடும் நண்பர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். அதற்கு நான் முன்வைக்கும் சான்று ‘பிளட்போர்ன்’.

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடாகா மியாசாக்கி இயக்கிய இவ்விளையாட்டு, 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4-இல் வெளிவந்தது. கதை நடக்கும் இடம் யார்னம் எனும் கற்பனை நகரம். வானை முட்டும் தேவாலயக் கோபுரங்கள், தெருவோரத்தில் சங்கிலியால் கட்டிய சவப்பெட்டிகள், எங்கும் மங்கிய விளக்கொளி. அந்நகரத் திருச்சபை இரத்தம் ஏற்றி நோய் தீர்க்கிறது. அதே இரத்தம்தான் மக்களை மிருகங்களாகவும் மாற்றுகிறது.

இதில் நாம் யார்? சிகிச்சை நாடி வந்த வெளியூர்க்காரர், அவ்வளவுதான். ஆட்டத்தின் முதல் காட்சியிலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நமக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. பிறகு கனவு போன்றதோர் இடத்தில் விழித்தெழுகிறோம். அங்கே சக்கர நாற்காலியில் கெர்மன் எனும் முதியவர் இருக்கிறார். அவர் தரும் அறிவுரை என்ன தெரியுமா? அதிகம் யோசிக்காதே, போய் நாலு மிருகங்களைக் கொன்றுவிட்டு வா, எல்லாம் உன் நன்மைக்கே என்கிறார். வீரனை யாராவது இப்படி வரவேற்பார்களா? புதிதாகச் சேர்ந்த வேலையாளிடம் பேசும் பேச்சு இது.

நகரத்தாருக்கும் நம்மைப் பிடிக்காது. கதவைத் தட்டினால் உள்ளிருந்து ஏளனச் சிரிப்பு வரும். அன்பாகப் பேசும் சிலருள் கில்பர்ட்டும் ஒருவர். அவரும் நம்மைப் போல வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர். இருமிக்கொண்டே சன்னலுக்குப் பின்னாலிருந்து வழி சொல்வார். பின்னர் ஒருநாள் அவரே மிருகமாகிப் பாய்ந்து வருவார். இன்னொரு சன்னலில் ஒரு சிறுமி, காணாமற்போன தன் தாயைத் தேடித்தரும்படி கேட்கிறாள். தாய் இறந்து கிடக்கிறாள். மிருகமாகிக்கொண்டிருக்கும் அவளுடைய தந்தையைக் கொல்லாமல் நாம் மேலே செல்லவே முடியாது. சரி, சிறுமியையாவது காப்போம் என்று தேவாலயத்துக்கு அனுப்பினால் வழியிலேயே ஒரு ராட்சதப் பன்றிக்கு இரையாகிறாள். மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கிருக்கும் போலி மருத்துவரின் சோதனையில் மனித உருவையே இழக்கிறாள். நம் நல்லெண்ணத்திற்கு அவ்வூரில் மதிப்பே இல்லை.

“அப்படியானால் அண்டத்தின் பேருயிர்களையே வெட்டி வீழ்த்துகிறோமே, அது வீரமில்லையா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் வளர்த்தெடுத்த இவ்வகை அச்சக் கதைகளில் மனிதன் ஒரு தூசு. அந்தத் தூசின் கையில் இரம்பக் கத்தியைக் கொடுத்து, தெய்வத்தைக் கொல்லவும் விட்டால் அச்சம் எங்கே மிஞ்சும்? என் பதில் இதுதான். யாருக்காகக் கொல்கிறோம் என்று பாருங்கள். நாம் உறங்கி எழும் அந்தக் கனவே நிலவிலிருந்து இறங்கும் ஒரு பேருயிரின் பிடியில் இருக்கிறது. அதன் ஆள்களாக, அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவற்றைத்தான் நாம் வேட்டையாடுகிறோம் என்பது என் வாசிப்பு. நாம் வலிமை பெறப்பெற முதலாளிக்குத்தான் இலாபம்.

அறிவு வளர்ந்தாலும் விடுதலை இல்லை. மற்ற விளையாட்டுகளில் அறிவு நம்மைக் காக்கும். இங்கோ ‘உள்ளறிவு’ கூடக்கூடச் சித்தம் கலங்குவது எளிதாகிறது. அது நாற்பதைத் தொட்டால், தேவாலயச் சுவரில் பல கைகளோடு தொற்றிக்கொண்டிருக்கும் ஓர் உரு கண்ணுக்குத் தெரியவரும். அது முன்பே அங்கேதான் இருந்தது! இந்த ஒரு காட்சிக்காகவே மியாசாக்கியைப் பாராட்டலாம்.

உண்மையான மறுப்பு எனக்குத் தெரிந்து ஓரிடத்தில்தான் இருக்கிறது. எரிக்கப்பட்ட பழைய யார்னத்தில் ஜூரா என்பவர், மிருகங்களும் மனிதர்களே என்று சொல்லி அவற்றைக் காவல் காக்கிறார். இவரும் முன்பு வேடராக இருந்தவர்தான். இனி அங்கே வேட்டையாட மாட்டேன் என்று நாம் அவருக்கு வாக்களிக்கலாம். அப்பகுதிக்குப் போகாமலே ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பதால், பலர் அவரைச் சந்திப்பதே இல்லை. சந்திப்பவர்களிலும் முதலில் அவரைச் சுடுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவரும் இயந்திரத் துப்பாக்கியால் நம்மைச் சுடுகிறாரே!

முடிவுகள் மூன்று. கெர்மனிடம் தலையைக் கொடுத்தால், எல்லாம் மறந்து காலைச் சூரியனில் விழிக்கிறோம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மறுத்து அவரைக் கொன்றால், அவருடைய சக்கர நாற்காலி நமக்கு வந்துசேர்கிறது. தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கூலியாக வந்தவர் கங்காணி ஆகிறார். தொப்புள்கொடித் துண்டுகள் மூன்றைத் தேடி உண்டவர்கள் மட்டும் நிலவின் பேருயிரை எதிர்த்து, வென்றால் தாமே ஒரு பேருயிரின் குட்டியாகப் பிறக்கிறார்கள். மூன்றாவதே உண்மையான வெற்றி என்று விளையாடுவோர் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குட்டியை ஒரு பொம்மைப் பெண் கையில் ஏந்திக் கொஞ்சுகிறாள், திரை இருண்டுவிடுகிறது. அது வளர்ந்தபின் அதற்கும் வேடர்கள் தேவைப்படுவார்களா என்பதை யாரும் சொல்வதில்லை.