கடைமடையில் ஒரு நற்குறி

ஓர் ஊரின் நலத்தை அதன் கடைத்தெருவின் பொலிவு கொண்டு அளப்பது எளிது. எவர்க்கும் தனியுடைமையாகாத ஏரியோ, பாதையோ, நூலகமோ பழுதுறும் நாளில் அதனைத் தம் பொறுப்பென ஏற்க எத்தனை பேர் எழுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதே மெய்யான அளவை. அவ்வளவை கொண்டு நோக்குவோர், நம் சிறு நகரங்களின் பொதுவாழ்வு பட்டுப்போயிற்று என்னும் பேச்சை அப்படியே ஏற்க இயலாது.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. நட்டுப் பல ஆண்டு காத்திருந்து பயன்கொள்ள வேண்டிய தென்னை, ஓரிரவில் விறகாயிற்று. பேராவூரணியைச் சுற்றிய உழவர்க்கு இது இரண்டாம் அடியாகும். மேட்டூர் அணையோடு 1934இல் நிறைவுற்ற கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் அவர்கள், தலைமடை நிறைந்த பிறகே தண்ணீர் காணும் வழக்கத்திற்கு ஆளானவர்கள். ஏரி தூர்ந்திருந்தால், காலந்தாழ்ந்து வரும் அத்தண்ணீரும் தங்குவதில்லை.

இத்தனை இழப்பிற்கும் பின்னர், 2019ஆம் ஆண்டுக் கோடையில், பேராவூரணிப் பெரிய ஏரியை அவ்வட்டாரத்து இளைஞரும் உழவரும் தாமே பொருள் திரட்டித் தூர்வாரினர். வண்டலை அள்ளிக் கரையை உயர்த்திய அப்பணிக்குத் தோப்பிழந்தவர்களும் கைகொடுத்தனர் என்பதை நாம் மதிப்போடு பதிவு செய்கிறோம். அண்டையிலுள்ள கொத்தமங்கலத்திலும் அதே காலத்தில் இளைஞர்கள் தம் ஊர்க் குளங்களில் இறங்கினர். இருக்கும்போது கொடுப்பது ஈகை. இழந்த பின்னும் பொதுவுக்கென ஒதுக்குவதற்கு, ஊரின் மேல் ஆழ்ந்த நம்பிக்கை வேண்டும்.

அந்நம்பிக்கை திடீரென முளைத்ததன்று. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளில் ஆடி மாதந்தோறும் நடைபெறும் மொய் விருந்துகளில், கையெழுத்து ஒப்பந்தமோ பிணையோ இன்றிப் பெருந்தொகைகள் கைமாறுகின்றன. மொய் நோட்டில் எழுதிய ஒரு வரியே அங்கே பத்திரம். திருப்பிச் செய்ய இயலாமல் கடன் சுமையில் நைந்த குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பித் தலைமுறைகளாகப் பழகிய ஊரில், ஏரிக்கென்று கேட்ட பணம் ஏரிக்கே செல்லும் என்று நம்புவது அரிதன்று.

முன்மாதிரிகளும் நம்மிடம் உள்ளன. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. பின்னாளில், ஊரார் தம் உழைப்பால் நீர்நிலைகளைப் பேணும் குடிமராமத்து என்னும் வழக்கம் குளங்களைக் காத்தது. எனினும் பழமையை வெறுமனே போற்றுதல் தகாது. உத்திரமேரூர் வாரியத்தில் நிலமற்றோர்க்கு இடமில்லை. குடிமராமத்தில் மண் சுமந்தவரும் பாசனத்தின் பயனை நிறைவாகத் துய்த்தவரும் பெரும்பாலும் ஒருவரல்லர். 1858இல் சென்னை மாகாண ஆட்சி கட்டாய உழைப்புச் சட்டமொன்றால் அக்கடமையை வற்புறுத்தியபோதும் அவ்வநீதி மாறவில்லை. இன்றைய இளைஞரின் பணி விருப்பத்தால் நிகழ்ந்தது என்பதே அதன் பெருஞ்சிறப்பு.

அவ்விருப்பத்தை அரசு தன் கடமையைத் தளர்த்திக்கொள்ளும் வாய்ப்பாகக் கொள்ளுமானால், அது மக்களுக்கு இழைக்கும் துரோகமாகும். ஓராண்டு தூர்வாரிய ஏரி, மதகும் கலிங்கும் வரத்து வாய்க்காலும் ஆண்டுதோறும் பேணப்படாவிடில், மீண்டும் தூர்ந்தே போகும். அந்த இடையறாப் பராமரிப்பு நன்கொடையால் நடக்கக்கூடியதன்று. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் உழவர்க்குப் பங்கு அளிக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. அச்சட்டத்தின்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குக் காலந்தவறாது தேர்தல் நடத்துக. ஒவ்வோர் ஏரிக்கும் ஒதுக்கிய தொகையையும் செலவையும் அவ்வூர்ப் பொதுவிடத்தில் எழுதி வைக்கச் செய்க. நிலவுடைமையையே உறுப்புரிமைக்கு அடிப்படையாகக் கொண்ட அச்சட்டத்தைத் திருத்தி, ஏரியில் மீன்பிடிப்போர்க்கும், கரையில் ஆடுமாடு மேய்ப்போர்க்கும், நிலமில்லாக் கூலித் தொழிலாளர்க்கும் அதில் இடமளிக்குமாறு அரசை வலியுறுத்துகிறோம்.