கடல் ஏறும் நேரம் என்ன?

ராகு காலம் எத்தனை மணிக்கு? காலண்டரைப் பார்த்துக் குழந்தையும் சொல்லிவிடும். கடல் நீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும்? கடற்கரை ஊரில்கூடப் பலருக்குத் தெரியாது. காலண்டரில் அது இல்லை!

இது சரியல்ல. உயிர் போகும் விஷயம் இது.

2004-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி இரவு. இங்கிலாந்தில் மோர்கம் விரிகுடா. அங்கே நீர் வடிந்தால் மைல் கணக்கில் மணல் தெரியும். சீனாவில் இருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் அந்த மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டு இருந்தார்கள். கடல் திரும்பியது. நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் மாண்டார்கள். அவர்களை வேலைக்கு இறக்கியவனுக்கு 2006-ல் 14 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கடல் என்னவோ தன் நேரத்துக்குத்தான் வந்தது!

50 நிமிடக் கணக்கு

சந்திரன் இழுப்பதால் கடல் ஏறுகிறது. சூரியனுக்கும் அதில் பங்கு உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு நீர் நிறைந்தால் பிற்பகல் 2 மணி சுமாருக்கு வற்றும். நாளைக் காலை 8.50 வாக்கில் மறுபடி நிறையும். கூட்டல் தெரிந்த பையன் போட்டுவிடுவான்!

அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் குடும்பம் குடும்பமாகக் கடலில் இறங்குகிறார்களே, அந்த நாட்களில்தான் நீரோட்டமும் வேகம்.

"குஜராத்தில் பாவ்நகரில் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. சென்னையில் ஒரு மீட்டர் அளவுதானே, இதற்கு ஓர் அட்டவணையா?" என்பார்கள் சிலர். அவர்கள் முகத்துவாரத்தைப் பார்த்தது இல்லை போலும். உள்ளே கழி பரந்து கிடக்கும். வாய் குறுகல். வற்றும் நேரத்தில் அத்தனை தண்ணீரும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடுப்பளவு தண்ணீர்கூட ஆளை இழுத்துக் கடலில் தள்ளிவிடும். ஆற்றில் மழை வெள்ளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

இன்னொன்று. துறைமுகத்து நேரம் ஆற்றுக்குள் பொருந்தாது. உள்ளே போகப்போக ஏற்றம் தாமதமாகும். வாயில் மணல் மேடிட்டால் கணக்கே மாறும். அங்கே வலை வீசும் கிழவருக்கு இது மனப்பாடம். அவரைக் கேட்காமல் வைக்கும் பலகை வெறும் அலங்காரம்.

நேரத்தைக் கணிக்க ஆள் இல்லாமல் இல்லை. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் துறைமுகங்களுக்கு அட்டவணை வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமும் கணித்துச் சொல்கிறது. மாலுமிக்கு எட்டுகிற அந்தக் கணக்கு, குளிக்க வரும் குடும்பத்துக்கும் எட்ட வேண்டாமா? காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழே இரண்டு வரி போடலாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று வாயிலும், சென்னையில் அடையாற்று வாயிலும் கொட்டை எழுத்தில் ஒரு பலகை வேண்டும். நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம், இறங்கக்கூடாத நேரம். காலையில் அதை மாற்றி எழுத ஓர் ஆளும் ஒரு சாக்கட்டியும் போதும்.