எல்லைக்கோடு திரும்பியது, ஆலை திரும்புமா?

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. தமிழர் கொதித்தனர், ம.பொ.சி. சிறை புகுந்தார். படாஸ்கர் நடுவராக வந்தார். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி நம்மிடம் மீண்டது. திருப்பதி மீளவில்லை, அது வேறு கதை. ஆறரை ஆண்டுகள் கழிந்தும் மலை அங்கேயே நின்றது, வயலும் மக்களும் அங்கேயே இருந்தனர். ஆகவேதான் தாளில் போட்ட கோட்டை அழித்து வேறு கோடு போட முடிந்தது.

தொழில் நடத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். நூல் ரகத்தை மாற்றுகிறார்களா? ஷிப்டு நேரத்தை மாற்றுகிறார்களா? தாராளமாகச் செய்து பார்க்கட்டும். நட்டம் வந்தால் அடுத்த மாதமே பழைய வழிக்குத் திரும்பலாம். இந்தச் சில்லறைக் காரியங்களுக்குக் கமிட்டி மேல் கமிட்டி போட்டு இழுத்தடிக்கும் முதலாளிகள் உண்டு. அவர்களே ஆலையை மூடுவதென்றால் ஒரே இரவில் முடிவு கட்டி, விடிந்ததும் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுகிறார்கள்! தலைகீழ் நியாயம் அன்றோ இது?

பெரம்பூரைப் பாருங்கள். பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் எழுந்தவை. 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். 1996இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. துணிக்கு நாளை பொன் விலை வந்தாலும், அவற்றை இடித்துத் தறி போடுவார் உண்டோ? இழை அறுந்ததை ஓசையிலேயே கண்டுபிடித்த கைகளை எங்கே போய்த் தேடுவது?

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் விசைத்தறித் தோழர்களுக்கும் இதையே சொல்வோம். சந்தை மந்தமா? தறியை ஒரு மாதம் நிறுத்துங்கள், மறுபடி ஓட்டலாம். கடன்காரன் நெருக்குகிறான் என்று பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிட்டால், அதே தறியை மீண்டும் வாங்க அந்தப் பணம் காணாது. கூட்டுறவுக் கடன் உரிய காலத்தில் கிடைத்தால் அந்த நிலை வராது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பெரிய ஆலையை மூட அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி 1976இல் வந்தது, 300 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு. 1984 முதல் அந்த எண் 100 ஆகக் குறைந்தது. 2020இல் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்போ அதை மீண்டும் 300 ஆக்கிற்று. 250 பேர் உழைக்கும் ஆலைக்கு இனி அனுமதி கேட்க வேண்டாமாம்! திரும்பப் பெற முடியாத முடிவுக்குத்தானா இத்தனை சலுகை?

அந்த எண்ணை மீண்டும் 100 ஆக்கு என்கிறோம். மூடுமுன் சங்கத்தை அழைத்துக் கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்கிறோம். இரண்டு முறை மாறிய எண்தானே அது, மூன்றாம் முறை மாற்றத் தடை என்ன?