கம்பி வராத ஊருக்குச் சட்டமும் வராதா?

எங்கள் மலைக் கிராமத்துக்கு மின்வாரியத்தின் கம்பி வரவில்லை. அதனால்தான் கடனை உடனை வாங்கிக் கூரையில் சோலார் பேனல், சுவரில் இன்வெர்ட்டர், மூலையில் பேட்டரி என்று வைத்தோம். நல்ல உச்சி வெயிலில் அந்த இன்வெர்ட்டர் பற்றி எரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பித்தார்கள். இன்றுவரை இதற்குப் பொறுப்பேற்க ஒரு நாதியும் இல்லை.

விற்ற கடைக்காரர், "நீங்க லோடு அதிகமாப் போட்டிருப்பீங்க" என்கிறார். மின்வாரிய அலுவலகத்தில், "அது எங்க லைன் இல்லையே" என்று கையை விரிக்கிறார்கள். காப்பீட்டுக்காரர் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார். யாருமே வந்து பார்க்காத வீட்டுக்கு நான் எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது?

எரிந்த பெட்டியைப் பிரித்த எலக்ட்ரீஷியன் காட்டியதைப் பார்த்து வயிறு எரிந்தது. பேனலிலிருந்து வரும் டி.சி. வயரில் ஏ.சி.க்கான எம்.சி.பி.யை (மின்துண்டிப்பான்) மாட்டியிருக்கிறார்கள். ஏ.சி. மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும். பொறி கிளம்பினாலும் அணைந்துபோக வழியுண்டு. டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது; பொறி பிடித்தால் நின்று எரியும். வெயில் அடிக்கும்வரை பேனலும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, இன்வெர்ட்டரின் நியூட்ரலை எங்குமே எர்த்தோடு இணைக்கவில்லை. அதனால், உயிரைக் காக்கும் என்று நம்பி மாட்டிய ஆர்.சி.சி.பி., கசிவு ஏற்பட்டாலும் ட்ரிப் ஆகாதாம். பெட்டியில் ஒட்டியிருந்த பதிவு எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்தோம். அது ஏதோ ஓர் அடாப்டருக்குக் கொடுத்த எண்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. சோலார் இன்வெர்ட்டர்களை இந்திய தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2017-லேயே ஆணை போட்டது. பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 16221 என்ற தரமும் உண்டு. ஆனால் இன்வெர்ட்டருக்கான கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். ஆணை தாளில் இருந்தது. போலி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

வாரியத்தின் லைனோடு சோலாரை இணைக்கும் வீட்டுக்குப் பொறியாளர் வருகிறார், பார்க்கிறார், பிறகுதான் மீட்டர் வைக்கிறார். லைன் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும் என்று அதற்குத் தனியாக ஐ.எஸ். 16169 இருக்கிறது. நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் போய்விடும். நியாயமான அக்கறை, மறுக்கவில்லை. ஆனால் லைனே இல்லாத வீட்டில் கோளாறு நேர்ந்தால் போகப்போவது எங்கள் உயிர். அதைக் காக்க ஓர் ஆளை அனுப்பக்கூடாதா? கம்பி இழுக்கத்தான் மனமில்லை, எங்களை மனிதராக மதிக்கவுமா மனமில்லை?

அரசாங்கத்திடம் நாங்கள் இலவசம் கேட்கவில்லை. வாரியத்தின் லைன் இல்லாத வீட்டிலும் சோலார் பொருத்தும் வேலை முடிந்ததும் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். போலிப் பதிவு எண்ணோடு விற்பவர்மீது வழக்குத் தொடுக்க வேண்டும். வாங்கப்போகும் சொந்தங்களே, பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அந்த எண்ணைக் கேளுங்கள். கடையிலேயே செயலியில் போட்டுப் பாருங்கள். பெயரும் பொருளும் பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.