எளிமைக்கு ஒரு மதிப்பெண்



பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓர் இளம் ஆசிரியர் எழுதியிருக்கிறார். நமது இதழின் கட்டுரைகளைக் கணினியில் கொடுத்து 'வாசிப்பு எளிமை'க்குப் புள்ளி போட்டுப் பார்த்தாராம். எல்லாமே பூச்சியத்துக்குக் கீழே. இன்னும் எளிமையாக எழுதக் கூடாதா என்று கேட்கிறார். நம் சனங்கள் மீதுள்ள அக்கறையில் எழுந்த கேள்வி. அதனால் இந்தப் பக்கத்தை அவருக்கான பதிலுக்கே ஒதுக்குகிறேன்.

அந்தக் கணக்கை ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்தார், ஆங்கிலத்துக்காக. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை, இவ்வளவுதான் அது பார்ப்பது. சராசரி அசையை 84.6ஆல் பெருக்கி 206.835இலிருந்து கழிக்கும், வாக்கிய நீளத்துக்கும் கொஞ்சம் கழிக்கும். சொல்லுக்கு மூன்று அசை வந்தாலே 253.8 போய்விடுகிறது. உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிவரும் தமிழ் இதில் தேறவே முடியாது. 'கொழுந்தெடுக்கப்போனவங்களுக்கெல்லாம்' ஒரே சொல்தான். லயத்துப் பிள்ளைக்கும் அது விளங்கும். 'அரைப் பேர்' சின்னஞ்சிறு சொல். அரைநாள் சம்பளமே விழுந்தது என்ற சங்கதி, தோட்டம் தெரியாத தமிழருக்கு அதில் பிடிபடாது.

தமிழுக்கென்று எண்களை மாற்றிப் புதிய சூத்திரம் செய்யலாம்தான். அப்போதும், சொல்லாமல் விட்டது எது என்று அதற்குத் தெரியப்போவதில்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் நினைவிருக்கும். 'நாட்சம்பளம் 730 ரூபாய்' என்றுதான் அப்போது எங்கும் பேச்சு. அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்காக 30 என்று சேர்த்துத்தான் 730. வேலை தந்த நாட்களில் நூற்றுக்கு 75 வராதவருக்கு அந்த 60 கிடைக்கவில்லை. தோட்டம் குறித்த கிலோ எடுக்காதவருக்கு 140 கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற தாய்க்கும், வறட்சியில் கொழுந்து குறைந்த மலையில் நின்றவருக்கும் 730 என்பது கேள்விப்பட்ட தொகையாக மட்டுமே இருந்தது. இத்தனையையும் சேர்த்து எழுதினால் வாக்கியம் நீளும், புள்ளி இறங்கும். ஆனாலும் சம்பள நாளில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'ஏன் குறைஞ்சிருக்கு?' என்று கேட்பவருக்குப் பதில் அந்த நீள வாக்கியத்தில்தான் இருக்கிறது. அந்தச் சம்பளச் சீட்டும் '730 ரூபாய்' போலச் சுருக்கமானதுதான்: எல்லாம் சுருக்கக் குறிகளும் எண்களும். நீளமான வாக்கியம் ஒன்றுகூட இல்லாத அந்தத் தாளைத்தான் நம்மவர்கள் படித்த பிள்ளையைத் தேடிக் கொண்டுபோகிறார்கள்.

அப்படியானால், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது? 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர் கோ. நடேசய்யர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் பிரச்சினைகளைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். சிறு நூல்களாகவும் அச்சிட்டார். எழுத்தறியாதவர் நிறைந்திருந்த காலம் அது. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துப் பாடியவருக்கு, எந்த வரி போய்ச் சேர்ந்தது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். எழுதுகிற நமக்கு அந்த வசதி தானாக வராது. தேடிப் போக வேண்டும்.

ஆகவே ஆசிரியத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நமது கட்டுரை ஒன்றைக் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'விளங்கிச்சா?' என்று கேட்க வேண்டாம். மரியாதைக்காக ஆமென்று சொல்லிவிடுவார். கேட்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தைக் கோடிட்டு எங்களுக்கு அனுப்புங்கள், திருத்தி எழுதுகிறோம்.

மற்ற வாசகர்களும் உதவலாம். பெரட்டுக்களத்து அறிவித்தலோ, சேமலாப நிதிக் கடிதமோ, விளங்காத வரி எதுவானாலும் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்