மன்னிக்க முடியலன்னா அது யாருடைய பாவம்?

தவக்காலம் வந்தா முகத்துவாரத்தில இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு வரிசை நிக்கும். எங்க வயசு ஆக்கள் அங்க என்ன சொல்றாங்கன்னு ஓரளவு எல்லாருக்கும் தெரியும். பொய் சொன்னது, அம்மாவோட கத்தினது, ஃபோன்ல பார்க்கக் கூடாததைப் பார்த்தது, பூசைக்குப் போகாதது. (இரகசியம் காக்க வேண்டியது சுவாமி மட்டும்தான், சொன்னவங்க வெளியே வந்து ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லத் தடை இல்ல.) 2019க்குப் பிறகு இந்தப் பக்கத்தில அந்தப் பட்டியல்ல இன்னொன்று சேர்ந்திருக்கு: "என்னால மன்னிக்க முடியல."

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியவும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் கொழும்பு ஹோட்டல்களும் ஒரே காலையில் தாக்கப்பட்டன. 260க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். கொச்சிக்கடைக் கோயில் எங்களுக்கு வெறும் பக்கத்துக் கோயில் இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனியோ சுவாமியைக் காப்பாற்றியது முகத்துவாரத்து மீனவர்கள்தான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் மதம் பார்க்காமல் எல்லாரும் போற இடம் அது. அங்க ஆளை இழந்த ஒரு குடும்பம் "இன்னும் ஆத்திரம் அடங்கல" என்று சொல்லும்போது, பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் உடனே கர்த்தர் கற்பித்த செபத்தை ஞாபகப்படுத்துவார். மற்றவர்களை மன்னித்தால்தானே நமக்கும் மன்னிப்பு என்பார்.

இதில்தான் எங்களுக்குப் பிரச்சினை. பறிகொடுத்தவள் வரிசையில நிக்கிறா. பதில் சொல்ல வேண்டியவங்க யாரும் அந்த வரிசையில இல்ல.

மறைக்கல்வி வகுப்பில நாங்க மனப்பாடம் செய்ததை ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேணும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்ய மாட்டேன் என்ற பிரதிக்கினை, வாய் திறந்து சொல்றது, அபராதம் தீர்க்கிறது. ஐந்துமே பாவம் செய்தவர் செய்ய வேண்டிய வேலை. பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு கடமையும் இல்லை. களவெடுத்த காசைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியாது என்பதும் அதே வகுப்பில் படிச்சதுதான். வைராக்கியம் வளர்க்கிறது பாவம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா காயம் ஆறாமல் இருக்கிறது வைராக்கியம் இல்லை.

திருச்சபையே இதைச் செய்து காட்டியிருக்கு. 2020 உயிர்ப்பு ஞாயிறு அன்று கர்தினால் மெல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுக்காக அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. உண்மை என்ன, பின்னால யார் என்று இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுதாரர்களில் குருவானவர் ஒருவரும் இருந்தார், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனும் இருந்தார். மன்னித்தவர் வழக்குப் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம். பழிவாங்கும் ஆசையை விடுவது ஒன்று, உண்மையை விடுவது இன்னொன்று.

2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கத் தவறினார்கள் என்று, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனவும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அதிகாரிகளும் செலுத்த வேண்டும் எனவும் நீதிமன்றம் சொன்னது. அந்த மாத இறுதியில் அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார். எப்படி? தனக்குத் தெரியாமல் மற்றவர்கள் செய்த தவறுக்காக. இதை எந்தக் கோயில்லயாவது பாவசங்கீர்த்தனமா ஏத்துக்குவாங்களா? "சுவாமி, பக்கத்து வீட்டுக்காரர் செய்த பாவத்துக்காக வந்திருக்கேன்" என்று எட்டு வயசுப் பிள்ளை சொன்னாலே திருப்பி அனுப்பிவிடுவார். பணத்தைத் தவணை தவணையாகக் கட்டினார், அதுவும் நீதிமன்றம் சொன்னதால். நற்செய்தியில் வரும் சக்கேயுவும் ஒரு அதிகாரிதான், வரி வசூலிப்பவர். யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார்.

அதிகாரிகளைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் சுகமாக இருக்கும். ஆனா தாக்குதலுக்குப் பிறகு நடந்ததையும் பேச வேண்டும். நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான் அகதிகள், பெரும்பாலும் அகமதியர், வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். மதத்தின் பேரில் சொந்த நாட்டில் துரத்தப்பட்டு இங்க வந்தவங்க பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்தாங்க. அந்த அகதிகளுக்குள்ள பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் இருந்தாங்க. கத்தோலிக்கர் நிறைய வாழும் வென்னப்புவ பகுதியில், தங்கொட்டுவ வாரச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக்கூடாது என்று பிரதேச சபைத் தலைவர் கடிதம் கொடுத்தார். நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. குண்டு வைத்தவனோட இவங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

தவக்காலத்தில் பொது ஒப்புரவு வழிபாடு நடக்கும்போது ஆத்தும சோதனைக்கான கேள்விகளைச் சத்தமாக வாசிப்பார்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ள நடக்கிற விஷயங்கள்தான். அதில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி எங்கள் பங்குச் சுவாமிமாரிடம் இளைஞர் குழுக்கள் கேட்கலாம்: பெயரைப் பார்த்து ஒரு கடையைத் தவிர்த்தோமா? பெயரைப் பார்த்து வீடு இல்லை என்றோமா? இடம் போதாவிட்டால், சாவு வீட்டுக்காரர்கிட்ட "மன்னிச்சிட்டீங்களா" என்று கேட்கிற வரியை எடுத்துவிடட்டும்.