கீப்பருக்கும் ஓர் ஆள் வேண்டும்

தாப்பா பக்கம் பள்ளித் திடல்களில் ஹாக்கி ஆட்டம் தொடங்குமுன் பாருங்கள். பத்துப் பேர் திடலைச் சுற்றி ஓடுவார்கள். கோல் கீப்பர் மட்டும் பேட் கட்டியபடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். பிறகு ஆளாளுக்கு வட்டத்துக்குள் நின்று விளாசுவார்கள். அது அடிக்கிறவர்களுக்குப் பயிற்சி, கீப்பருக்குத் தண்டனை. பேட் கட்டுமுன்பே அவரும் ஓட வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து, கால்களை வீசி, தொடை இடுக்கையும் பின்தொடையையும் தளர்த்த வேண்டும். அப்புறம் ஒரே ஒருவர் பந்தை மெதுவாகக் காலுக்குத் தள்ளிவிட்டால் போதும். வேகமும் உயரமும் கடைசியில்தான். நம் வெயிலில் சும்மா நின்றாலே வியர்க்கிறதே என்பார்கள். வியர்வை தொடையைத் தயார்செய்யாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியா இந்தியாவை ஷூட்அவுட்டில் 7-6 என வென்றபோது கோலில் நின்றவர் எஸ். குமார், 38 வயதில். ஷூட்அவுட்டில் அடிப்பவருக்கு 8 வினாடிதான். அதற்குள் கீப்பர் முன்னே பாய்ந்து, விழுந்து, எழ வேண்டும். இறுகிய காலோடு அது நடக்கிற காரியமா? பயிற்சி ஆசிரியர்களே, அடுத்த ஆட்டத்துக்கு முன் கீப்பருக்கென்று ஓர் ஆளையும் கால் மணி நேரத்தையும் ஒதுக்குங்கள்.